ஆமைக்கு வைஃபை கிடைக்கவில்லை

செங்கோட்டை,
ஆடி 9.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம். அம்மாவின் முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை. இந்த வருஷம் ஆனி பிறந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. பட்டகசாலைச் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கன்னம் ஒட்டிப்போயிருப்பதாக அம்மா சொல்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

ஆமை விஷயமாகத்தான் எழுதுகிறேன், வீடு பெருக்கும் அந்த ரோபோ ஆமை. போனில் இரண்டு முறை பேச்சை எடுத்தேன். "வேலையில் இருக்கிறேன் அப்பா, பிறகு பேசுகிறேன்" என்றாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு "2.4 பாருங்கள் அப்பா" என்று ஒற்றை வரி. 35 வருஷம் டெலிபோன் லைன்மேனாக இருந்தவனுக்கு ஒற்றை வரியில் பதில் சொன்ன முதல் ஆள் நீதான். சரி, பார்த்தேன். என்னென்ன பார்த்தேன் என்பதை முறைப்படி எழுதுகிறேன். புகார்ப் புத்தகம் எழுதிப் பழகிய கை; சுருக்கமாக வராது.

ஆனியில் ஒரு திங்கட்கிழமை ரூட்டர் கெட்டுப்போயிற்று. இரண்டு நாள் கழித்துக் கேபிள்காரப் பையன் வந்து புதிதாக அமைத்துக் கொடுத்தான். போன், டிவி எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆமை மட்டும் சேரவில்லை. மேல்மூடிக்கு உள்ளே இருக்கும் வைஃபை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அம்மாவின் போனில் அந்தச் செயலியைத் திறந்தால் ஆமையின் படம் சாம்பல் நிறத்தில், கீழே "ஆஃப்லைன்" என்று.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த லைன்மேன் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: முதலில் லைனைப் பார், பிறகு கருவியைப் பார், எக்ஸ்சேஞ்சைக் கடைசியில் சந்தேகப்படு. அந்த வரிசையில்தான் போனேன்.

லைனில் நீ சொன்ன 2.4 உண்மைதான். ரூட்டர் தார்சாவில். ஆமை படுக்கும் மேடை பட்டகசாலையில். நடுவில் தாத்தா காலத்து ஒன்றரை அடிச் சுவர். வைஃபையில் இரண்டு அலைவரிசை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாகச் சுமக்கும், ஆனால் அந்தச் சுவர் முன்னால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவாகச் சுமந்தாலும் சுவரைத் தாண்டிப் போய்ச் சேரும். ஆமைக்கு 2.4 தவிர வேறெதுவும் காதில் விழாது. பையன் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தான். பிரித்துக் கொடு என்று கேட்டால், "உங்கள் போனே 5ஜி இல்லையே சார்" என்கிறான். செல்போன் 5ஜி வேறு, இந்த 5 வேறு என்று அவனுக்குப் பாடம் எடுத்து, காப்பி கொடுத்து, பிரிக்க வைத்தேன். பாதுகாப்பு முறையும் டபிள்யூபிஏ3 என்று இருந்தது. பழைய கருவிகள் பலவற்றுக்கு அது பிடிபடாது. அதை 2-க்கு இறக்கினேன்.

அடுத்தது ஒரு குறுக்கு வழி. நீ சொல்லாதது, நானே யோசித்தது. ரூட்டருக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் திரும்ப வைத்துவிட்டால், நடுவில் ஏதோ நடந்தது என்பதே ஆமைக்குத் தெரியாது. தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கடவுச்சொல் எனக்கு மறக்கவில்லை, உன் கல்யாணத் தேதி. தலைதீபாவளிக்கு வந்தபோது நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே வைத்தது. அதை அடிக்கையில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. பத்து நிமிஷத்தில் ஆமையின் விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டு நிலையாக நின்றது.

லைன் சரி. கருவியும் சரி.

அம்மாவின் போனைத் திறந்தேன். சாம்பல் நிறப் படம்கூட இல்லை. முந்தின நாள்வரை இருந்தது. ஆமை இருந்த இடம் காலி. "கருவியைச் சேர்க்கவும்" என்று ஒரு கூட்டல் குறி. வைஃபை அறுந்தால் ஆஃப்லைன் என்று காட்டும். படமே காணாமல் போகாது. யாரோ அம்மாவுக்குக் கொடுத்திருந்த அனுமதியை எடுத்தால்தான் போகும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் போனில் புதிதாகச் சேர்த்துப் பார்த்தேன். இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஆமைக்குள் பேசும் அந்த ஜெர்மன் பெண் ஏதோ சொல்வாளே, சொன்னாள். அம்மா அடுக்களையிலிருந்து "சரிம்மா" என்றாள். எப்போதும் பதில் சொல்லிவிடுகிறாள். ஆமை தனக்கென்று ஒரு வைஃபையை விரிக்கும், போன் அதில் சேர வேண்டும். சேர்ந்ததும் "இதில் இணையம் இல்லை" என்று போன் பதறிப்போய் மொபைல் டேட்டாவுக்குத் தாவும். நான் டேட்டாவை எப்போதும் அணைத்தே வைத்திருப்பவன் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. இருப்பிட அனுமதி கேட்டது. அது இல்லாமல் ஆண்ட்ராய்டு அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேடவிடாது என்பதால் கொடுத்தேன். பிறகு எந்த நாடு என்று கேட்டது. இந்தியா என்று போட்டால் ஆமையைத் தெரியாது என்கிறது; ஜெர்மனி என்று போட்டால் தெரியும் என்கிறது. எங்கே விற்றார்களோ அந்த ஊர்க் கணக்குத்தானாம். உன் தாத்தா நினைவுதான் வந்தது. 1956 அக்டோபர் 31 இரவு திருவிதாங்கூர்–கொச்சியில் படுத்து, நவம்பர் 1 காலையில் சென்னை மாநிலத்தில் எழுந்தவர், பாயைக்கூட நகர்த்தவில்லை. ஆனாலும் பத்திரத்தில் கொல்லம் ஆண்டு போட்டிருப்பதைக் கடைசிவரை பெருமையாகக் காட்டுவார். நானும் ஒரு நாளைக்கு ஜெர்மனிக்காரனாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று போட்டேன்.

எல்லாம் முடிந்து நூறு சதவீதத்துக்குப் போகும் நேரத்தில் நின்றது. இந்தக் கருவி ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் இருக்கிறது, அவர் நீக்கினால்தான் சேர்க்க முடியும் என்று வந்தது. அந்தக் கணக்கின் முதல் எழுத்தும் கடைசி இரண்டு எண்களும் மட்டும் தெரிந்தன. நடுவில் எல்லாம் நட்சத்திரக் குறி.

அது யாருடைய கணக்கு என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை பட்டகசாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆமையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா நீட்டிய முறுக்கை வாயில் கடித்தபடி அமைத்தார். அவர் போனில் அரை நிமிஷ வேலை. அவரிடம் சொல்கிறாயா? நான் எழுதலாம் என்றால் நானே எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு சொல் அனுப்பு. எதுவானாலும் ஒரு சொல் அனுப்பு.

முன்பெல்லாம் நீ பேசும்போது பின்னால் அவர் காப்பிக் கோப்பையோடு போவார், கை அசைப்பார். பொங்கலுக்குப் பிறகு உன் பின்னால் வெறும் சுவர். அந்தச் சுவரும் வேறு. ஜன்னல் உனக்கு இடப்பக்கம் இருந்தது, இப்போது வலப்பக்கம். முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி மாற்றிக் காட்டுகிறதோ என்றுகூட நினைத்து, என் போனில் என்னையே எடுத்துப் பார்த்தேன். இப்படியெல்லாம் துப்புத் துலக்குகிறானே என்று கோபப்படாதே. கம்பத்தில் ஏறியே காலம் தள்ளியவன். வயர் இடம் மாறியிருந்தால் கண் தானாகப் போகும். இரவில் கதவைத் தாழிட்டுப் படு. வேளைக்குச் சாப்பிடு.

உன்னைப் பற்றி இங்கே பெருமை பேசாத நாளில்லை. நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவள், ஜெர்மனியில் இருக்கிறாள் என்று பேங்க் வரிசையில் முன்னால் நிற்பவரிடம்கூடச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இவ்வளவு படித்தவளுக்குப் பெற்றவர்களுக்கு நாலு வரி எழுத நேரம் இல்லாமல் போகுமா? பெரியத்தை நேற்று வந்திருந்தாள். "அவர்கள் இரண்டு பேரும் எப்போது வருகிறார்கள்?" என்று கேட்டாள். "லீவு கிடைக்க வேண்டுமே" என்றேன். அம்மா அப்போது ஆமையைத் தூக்கிக்கொண்டு வாசல்படி தாண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அதனால் ஏற முடியாது. நம் வீட்டு வாசல்படியோ அரை முழம். தினமும் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துத் தூக்கி அடுத்த அறையில் விடுகிறாள். பெரியத்தை கேட்டதும் நடுப்படியில் நின்றுவிட்டாள். ஒன்றும் பேசவில்லை.

இனி எழுதுவதைத் தனியாக இருக்கும்போது படி.

ரூட்டர் கெட்டுப்போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ கூப்பிட்டாய். அம்மா அடுக்களையில் இருந்தாள். "அப்பா, அம்மா பக்கத்தில் இருக்கிறாளா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றாய். சொல்லிவிட்டு ஒரு மூச்சு இழுத்தாய். என் காலத்தில் எத்தனையோ டிரங்க் கால்களுக்கு நடுவில் லைனைச் சோதித்திருக்கிறேன். சாவுச் செய்தி சொல்லப் போகிறவர்கள் அப்படித்தான் மூச்சு இழுப்பார்கள். என் கை நாற்காலிக்குப் பின்னால் போயிற்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

திரையில் நீ அப்படியே நின்றுவிட்டாய். வாய் பாதி திறந்திருந்தது. இடது கையால் காது மடலைப் பிடித்துக்கொண்டிருந்தாய், பரீட்சை முடிவு வரும் நாளில் பிடிப்பாயே அப்படி. "இணைக்கப்படுகிறது" என்ற எழுத்து உன் நெற்றிக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் காலையில் உனக்குச் சாரல் காற்றில் கரண்ட் போய்விட்டது என்று அனுப்பினேன். நீ "சரி அப்பா" என்றாய். அம்மாவிடம் அதையே சொல்ல முடியாது. அவள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரூட்டர் போய்விட்டது என்றேன். சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டுமே. அவள் கோவிலுக்குப் போன நேரத்தில், ரூட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்குமே, அதில் அவளுடைய சேலை ஊக்கை விட்டுப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தேன். விளக்கெல்லாம் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தன. பெயர் போயிற்று, கடவுச்சொல் போயிற்று, ஆமையும் போயிற்று. கேபிள்காரப் பையன் வந்து "யாரோ ரீசெட் பண்ணியிருக்கிறார்கள் சார்" என்றான். எலியாக இருக்கும் என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

1992 நவம்பர் வெள்ளத்தின்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று லைன் இழுத்தவன் நான். 2020 ஜனவரி 31-ஆம் தேதி, பி.எஸ்.என்.எல்.லில் நாடு முழுவதும் 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அன்று சாயங்காலம் கருவிப் பையை ஒப்படைத்துவிட்டு, யாருடைய லைனையும் நான் வேண்டுமென்று அறுத்ததில்லை என்று உன்னிடம் பெரிதாகப் பேசினேன். அறுத்த ஒரே லைன் உன்னுடையது.

பயந்துவிட்டேன், அவ்வளவுதான். நீ சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும் என்று பயம். ஊர் என்ன சொல்லும் என்பதும் அதில் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூட்டல் குறியைப் பார்த்த பிறகு, ஊர் எங்கேயோ போய்விட்டது. நீ ஒரு மாதமாக அந்தப் பாதி வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்பதுதான் நிற்கிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் பிளக் இருக்கும் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். ஸ்பீடு போஸ்டில் வரும்.

ஆமை வைஃபை இல்லாமலும் நன்றாகத்தான் பெருக்குகிறது. மேலே உள்ள பொத்தானை ஒரு தரம் தட்டினால் போதும். முடிந்ததும் தானே மேடைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது. வரைபடமும் நேர அட்டவணையும் இல்லாதது ஒரு குறையில்லை. ஆகவே அவரிடம் கேட்கக் கஷ்டமாக இருந்தால் கேட்காதே. ரூட்டரை இப்போது சுவரில் ஏழடி உயரத்தில் ஏற்றி மாட்டச் சொல்லியிருக்கிறேன். ஸ்டூல் போடாமல் எனக்கு எட்டாது. கடவுச்சொல்லை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்றால் நீ சொல்லும் சொல்லை வைக்கிறேன்.

ஞாயிறு ராத்திரி எட்டரைக்கு உட்கார்ந்திருப்பேன், உனக்கு மாலை ஐந்து மணி. அம்மாவும் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை நீ முடிவு செய். எனக்குத் தெரிந்து அவளுக்குப் பாதி தெரியும்.

நேந்திரங்காய் வற்றல் போட்டு வைத்திருக்கிறாள், தேங்காய் எண்ணெயில். வழக்கமாக இரண்டு டப்பா அனுப்புவோம், அவருக்கு மிளகுத்தூள் போட்டது தனியாக. இந்தத் தடவை அதைப் போடவா வேண்டாமா என்று காலையில் கேட்டாள். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அப்பா