அந்தப் பிள்ளை எந்தப் பாடத்தை இழக்கிறது?

ஏற்காட்டு மலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

நான் சேலத்தில் கணினி வேலை பார்க்கிறவன். லீவு கிடைக்கிற நாட்களில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, மலையில் ஒரு பள்ளியில் தமிழ் புதிதாகக் கற்கும் பிள்ளைகளின் சிறு குழு வகுப்புகளுக்கு உதவுகிறேன். காபித் தோட்ட வேலைக்கு வடக்கிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம், அது சரிதான். ஆனால் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசுகிற பிள்ளையை நாற்பது பேருக்கு நடுவில் உட்காரவைத்தால் தமிழ் வராது, நாலைந்து பேராகத் தனியே உட்காரவைத்தால் வருகிறது. அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. ஆறாம் வகுப்பில் ஒரு பெண். இரண்டே மாதத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாள், எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் கணக்கு டீச்சர் வந்து, பின்னம் என்றாலே இவள் விழிக்கிறாளே, என்ன ஆயிற்று என்று கேட்டார். குழுவில் யார் யார் என்று நாங்கள் எழுதிவைக்கும் நோட்டை எடுத்து வகுப்பு டைம்டேபிளோடு வைத்துப் பார்த்தோம். செவ்வாய், வியாழன் மூன்றாம் பாடவேளை எங்கள் குழு, அவள் வகுப்புக்கு அந்த இரண்டுமே கணக்கு. எட்டு வாரம் தொடர்ந்து நாங்கள்தான் அவளைக் கணக்கிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போயிருக்கிறோம். யாரும் தெரிந்து செய்த தப்பு இல்லை. ஆனால் யாருக்குமே தெரியாமல் எட்டு வாரம் ஓடியிருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த நோட்டு ‘இன்றைக்கு இந்தக் குழுவில் யார் யார்’ என்பதற்கு நன்றாகவே பதில் சொல்லும். ‘இந்தப் பிள்ளை இதுவரை எதை இழந்தது’ என்று கேட்டால் சொல்லாது. குழுவுக்கு ஒரு ஷீட் என்று எக்செல்லில் போட்டு வைத்தாலும் இதே கதைதான். அதனால்தான் ஒரு சின்ன டேட்டாபேஸ், அதாவது ஒன்றோடொன்று இணைத்துத் தேடக்கூடிய தகவல் அட்டவணைகள், வேண்டும் என்கிறேன்.

மாணவர், ஆசிரியர், அறை, குழு என்று ஆளுக்கொரு அட்டவணை. ஒரு பிள்ளை இரண்டு குழுவில் இருக்கலாம், ஒரு குழுவில் ஐந்து பிள்ளைகள் இருக்கலாம் என்பதால், யார் எந்தக் குழுவில் என்பதற்கு நடுவில் தனியாக ஒன்று. அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் காபிப் பழம் பறித்து முடிந்ததும் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விடும், அடுத்த பருவத்தில் திரும்பியும் வரும், நாம் பெயரை அழித்துவிட்டால் பிள்ளை மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும். தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்த பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. அந்த நிலையையும் தேதியோடு எழுதினால் போதும்.

ஒரே ஆசிரியரை ஒரே நேரத்தில் இரண்டு குழுவுக்குப் போட்டால் டேட்டாபேஸ் அந்தப் பதிவை வாங்கவே வாங்காது, அப்படி ஒரு தடையை ஒரே வரியில் எழுதிவிடலாம். அறைக்கும் அப்படியே. முக்கியமானது, ஒவ்வொரு வகுப்பின் டைம்டேபிளையும் அதே இடத்தில் ஏற்றுவது. குழு நடந்த நாளையும் பாடவேளையையும் அதோடு பொருத்தினால், பிள்ளைவாரியாக எந்தப் பாடத்தில் எத்தனை வகுப்பு போனது என்ற கணக்கு தானாக வரும். நடந்ததா இல்லையா என்பதையும் குறிக்க வேண்டும். டீச்சர் பயிற்சிக்குப் போன நாளில் குழு நடந்திருக்காது, அன்றைக்குப் பிள்ளை தன் வகுப்பிலேயே இருந்திருக்கும்.

டைம்டேபிளையே கணினி போட்டுத் தரட்டும் என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். முழுப் பள்ளிக்கும் மோதல் இல்லாமல் டைம்டேபிள் போடுவது கணினிக்கே கடினமான கணக்கு. நாலு குழுவுக்கு உங்கள் ஆசிரியர் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார், இது மூன்றாவது முறையாகக் கணக்குப் பாடவேளை என்று எச்சரிக்க மட்டும் கணினி போதும். செலவும் இல்லை. எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம், எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும், நெட் இல்லாத நாளிலும் ஓடும், வெள்ளிக்கிழமை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தால் முடிந்தது.

பெயர்களை யூனிகோடில் தட்டுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால் நாளைக்குத் தேடினால் கிடைக்காது. வடக்கத்திப் பெயர்களை ஆளுக்கொரு விதமாகத் தமிழில் எழுதுகிறோம், ஒரே பிள்ளை மூன்று பிள்ளையாகிவிடும், அதனால் சேர்ந்த அன்றே ஒரு எண் கொடுங்கள். கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சாதி, ஆதார் எதுவும் இதில் ஏறக் கூடாது, டைம்டேபிள் போட அது எதற்கு?

உங்களிடம் கேட்பது, ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பு டைம்டேபிள்களும், அவை மாறும்போதெல்லாம் ஒரு தகவலும். அதோடு, வாரம் ஒரு பாடவேளையை இதற்கென்றே ஒதுக்கி ஓர் ஆசிரியரைக் கொடுங்கள். மற்ற வேலைகளின் மேல் இதையும் சுமத்தினால் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். நான் வந்து அவருக்குக் கற்றுத்தருகிறேன், ஆனால் நான் வராத வாரத்திலும் இது ஓட வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. உங்கள் பிள்ளை எந்தப் பாடவேளையில் எழுந்து போகிறது என்று பள்ளியில் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பழைய குழு நோட்டுகளைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் அவற்றைத்தான் ஏற்றிப் பார்க்கப் போகிறோம். அந்தப் பெண்ணைப் போல இன்னும் யாராவது இருந்தால், அடுத்த பருவம் தொடங்குவதற்குள் தெரிந்தாக வேண்டும்.