கோத்தகிரியில் இருந்து ஒரு சுட்டி

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பேராதனையில் இடம் கிடைத்தது பெரிய சந்தோசம். இங்கே அட்டனில் எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை.

ஒரு சேதி சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன். மாசியில் நம் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தைப் பற்றி எழுதி என் தளத்தில் போட்டு வைத்திருக்கிறேனே, அதற்கு வேறு எந்தெந்தத் தளங்கள் சுட்டி (லிங்க்) கொடுத்திருக்கின்றன என்று பார்த்தேன். கூகுள் சேர்ச் கன்சோல் என்ற கருவியில் தளம் நம்முடையதுதான் என்று உறுதிப்படுத்திவிட்டால், 'லிங்க்ஸ்' என்ற பகுதியில் பட்டியல் வரும். காசு கிடையாது. யாராவது அழுத்தி வந்தால்தான் வருகைக் கணக்கில் தெரியும். இதில் ஒருவருமே அழுத்தாத சுட்டியும் தெரியும். எல்லாவற்றையும் காட்டாது, ஒரு பகுதியைத்தான். பட்டியலில் பாதி குப்பை, விளம்பரத் தளங்கள். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதே. ஒவ்வொன்றாகத் திறந்து, நம்மைப் பற்றி என்ன சொல்லிச் சுட்டியிருக்கிறார்கள் என்று வாசிக்க வேண்டும்.

அப்படித் திறந்ததில் ஒன்று கோத்தகிரியில் இருந்து! 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் நம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானதே, அப்படிக் கோச்சியில் (ரயிலில்) ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரத்தில் இறங்கிய ஒரு குடும்பத்துப் பேரப்பிள்ளை எழுதியது. அவர்களைப் போன்றவர்களுக்காக 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில்தான் அவருடைய பாட்டி கொழுந்து பறித்தாராம். மாசியில் கம்பம் ஊன்றுவது, தப்படிப்பது, சிவன் நெற்றிக்கண்ணால் காமன் எரிவது, எல்லாம் பாட்டி சொன்னபடியே இருக்கிறது. அதற்குச் சாட்சியாக என் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைச் சுட்டியிருக்கிறார்: கம்பத்தடியில் பச்சைத் தென்னோலை கட்டும் பத்தி. நான் முக்கியம் என்று நினைத்த எதையும் அவர் தொடவில்லை. அந்த ஓலைதான் அந்தப் பாட்டிக்கு ஞாபகம் இருந்ததாம். வாசித்ததும் கண் கலங்கிவிட்டது, மச்சான். கடல் தாண்டிப் போன சனத்துக்கு நம் எழுத்து இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறதே!

காமன் எரிந்ததும் அவன் மனைவி ரதி பாடும் புலம்பலில் பாட்டிக்கு நாலு அடிதான் ஞாபகமாம், மீதி தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். உன் அப்பா முழுவதும் பாடுவாரே. தொண்டை நன்றாக இருக்கும்போது போனில் பதிந்து அனுப்பு. அவசரப்படுத்தாதே, ஆனால் இந்த மாதத்துக்குள் அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்