ஆடி அமாவாசைக்கு வடக்கே போ

வேலூர்
மே 2026

கண்ணு,

போனில் உங்கம்மா குறுக்கே குறுக்கே பேசியதில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் படிக்க மாட்டாய். அதனால் மெயில்.

ஆகஸ்ட் 12, ஆடி அமாவாசை. அன்று உங்கள் ஸ்பெயினில் முழு சூரிய கிரகணம். “எல்ச்சேயிலேயே கிட்டத்தட்ட முழுசா மறையுமாம்ப்பா, மொட்டை மாடியிலிருந்தே பார்த்துக்கிறேன்” என்றாய். வேண்டாம். வடக்கே வலென்சியா வரைக்குமாவது போ. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உன் கேள்வி. அமாவாசை மாதம் தவறாமல் வருகிறதே, அப்புறம் ஏன் மாதாமாதம் கிரகணம் இல்லை? நிலாவின் பாதை சாய்ந்திருப்பதுதான் காரணம். பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு அது சுமார் 5 டிகிரி சாய்வு. 5 டிகிரியெல்லாம் ஒரு சாய்வா என்பாய். வானத்தில் நிலாவின் அகலமே அரை டிகிரிதான்! அதனால் பெரும்பாலான அமாவாசைகளில் நிலா சூரியனுக்கு மேலேயோ கீழேயோ ஒதுங்கிப் போய்விடுகிறது, அதன் நிழல் பூமியைத் தொடுவதே இல்லை. பௌர்ணமியிலும் இதே கதைதான், பூமியின் நிழலில் சிக்காமல் நிலா தப்பிவிடும்.

இரண்டு வளையல்களை ஒன்றுக்குள் ஒன்று சாய்த்து வைத்தால் இரண்டே இடத்தில்தான் வெட்டிக்கொள்ளும். வானத்தில் அப்படி வெட்டும் இரண்டு இடங்கள்தான் பஞ்சாங்கத்து ராகுவும் கேதுவும். ஜாதகத்தில் அவை எப்போதும் நேரெதிராக இருப்பது அதனால்தான். சூரியனின் ஈர்ப்பால் நிலாவின் பாதையே மெல்லத் திரும்புவதால் அவை பின்னோக்கியும் நகரும். பாம்பு விழுங்கும் கதையை விடு, கணக்கு சுத்தமான கணக்கு.

சூரியன் இந்த இரண்டில் ஒன்றின் பக்கத்தில் இருக்கும்போது வரும் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் கிரகணம். சுமார் 173 நாளுக்கு ஒருமுறை அந்தப் பருவம் வரும். வந்தால் ஒன்று தனியாக வராது, பதினைந்து நாள் இடைவெளியில் ஜோடியாக வரும். பூமியின் மங்கலான வெளி நிழலில் மட்டும் நிலா நுழையும் புறநிழல் கிரகணங்களையும் சேர்த்தால் வருடத்துக்குக் குறைந்தது 4, அதிகம் போனால் 7. 1982-இல் 7 வந்தன, 2038-இலும் 7 வரும். ராகு கேது பின்னோக்கி நகர்வதால் பருவமும் வருடத்துக்கு ஏறக்குறைய 19 நாள் முன்னே வந்துவிடும். போன வருடம் மார்ச், செப்டம்பர். இந்த வருடம் பிப்ரவரி 17, மார்ச் 3, ஆகஸ்ட் 12, ஆகஸ்ட் 28.

அந்த மார்ச் 3 சந்திர கிரகணத்தைப் பார்க்க நானும் மாடிக்குப் போனேன். முழுதாக மறைந்திருந்த கட்டம் இங்கே நிலா எழும் முன்பே முடிந்துவிட்டது. 6.47-க்குள் எல்லாமே முடிவு. நம் ஊருக்குக் கிழக்கே மலை இருக்கிறதே, அதைத் தாண்டி நிலா தலைகாட்டியபோது வெறும் பௌர்ணமி நிலாதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உனக்கும் அதே சிக்கல் வரும். வலென்சியாவில் அன்று நிலா சூரியனை முழுதாக மறைப்பது இரவு எட்டரை மணி வாக்கில். அப்போது சூரியன் மேற்கு அடிவானத்தை ஒட்டி இருக்கும். மேற்கே மலையோ கட்டடமோ இல்லாத இடமாக முன்பே போய்ப் பார்த்து வைத்துக்கொள்.

சந்திர கிரகணம் என்றால் இரவாக இருக்கும் பாதி உலகமே பார்க்கும். சூரிய கிரகணம் எண்ணிக்கையில் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் முழு நிழல் விழும் பாதை அகலமாக இருந்தால்கூட 250 கிலோமீட்டர் சொச்சம்தான். ஓர் ஊர் அந்தப் பாதைக்குள் வர சராசரியாக 375 வருடம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஸ்பெயினுக்கு என்ன அதிர்ஷ்டமோ, 2027 ஆகஸ்ட் 2-இலும் அதன் தென்கோடியில் முழு கிரகணம் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. இப்போது வரப்போவது நீ ஏற்கெனவே பார்த்த கிரகணத்தின் அடுத்த சுற்று. 18 வருடம், 11 நாள், 8 மணி நேரத்தில் சூரியன், நிலா, ராகு கேது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். சாரோஸ் சுழற்சி என்பார்கள். பின்னால் எண்ணினால் 2008 ஆகஸ்ட் 1, அதுவும் ஆடி அமாவாசை! சாயங்காலம் இங்கே சூரியனின் ஓரத்தைக் கடித்த மாதிரி தெரிந்தது, நீ பள்ளிக்கூட யூனிபார்மைக்கூட மாற்றாமல் பார்த்தாய். அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடுவதால், அன்று சைபீரியாவிலும் சீனாவிலும் விழுந்த நிழல் இந்த முறை ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம் விழுகிறது.

சரி, வலென்சியாவுக்கு ஏன் போக வேண்டும்? சூரியனில் நூற்றில் ஒரு பங்கு வெளியே தெரிந்தாலும் அந்த வெளிச்சம் போதும், பகல் பகலாகவே இருக்கும். சுற்றியிருக்கும் வெள்ளை ஒளிவட்டம் கண்ணுக்குத் தெரியாது. எல்ச்சேயில் உனக்குக் கிடைப்பது மெல்லிய பிறை. அதை நாங்கள் 2019 டிசம்பர் சூரிய கிரகணத்திலேயே பார்த்தாயிற்று. திருச்சியில் உன் மாமா சூரியன் வளையமாகத் தெரிந்ததைப் பார்த்தார், வேலூரில் எங்களுக்குப் பிறைதான். வலென்சியா பாதையின் தெற்கு ஓரம், அங்கே சுமார் ஒரு நிமிடம் முழுதாக மறையும். வடக்கே பர்கோஸ் பக்கம் ஒன்றே முக்கால் நிமிடம் வரை கிடைக்கும். ஆனால் மருமகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வண்டி ஓட்டாதே. இதற்குக் காவலூர் வானாய்வகத்தில் பார்த்தோமே, அந்த மாதிரி 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றும் வேண்டாம். கிரகணக் கண்ணாடி மட்டும் தரமானதாக வாங்கு, எக்ஸ்ரே பிலிம் கூடாது. முழுதாக மறைந்திருக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் கழற்றலாம், ஒரு பொட்டு வெளிச்சம் எட்டிப் பார்த்ததும் திரும்பப் போட்டுவிடு.

மாசமாக இருப்பவள் வெளியே வரக் கூடாது என்று உங்கம்மா சொன்னாளே, அதற்கு என் பதில் இது: வயிற்றுப் பிள்ளையை நிழல் ஒன்றும் செய்யாது. ஆகஸ்ட் வெயிலும் காரில் நெடுநேரம் உட்காருவதும்தான் செய்யும். மத்தியானமே போய் ரூம் எடுத்து அவளைப் படுக்க வை, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல். அறையை இப்போதே பதிவு செய். அன்றைக்கு ஸ்பெயினில் பாதிப் பேர் உன்னைப் போலக் கிளம்புவார்கள், திரும்பும் வழியில் நெரிசல் இருக்கும், ராத்திரி அங்கேயே தங்கு.

28-ஆம் தேதி விடிகாலை சந்திர கிரகணத்தை வேண்டுமானால் எல்ச்சே மாடியிலிருந்தே பார்த்துக்கொள். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா