ஃபெராரியைத் திட்டினால் துரோகி என்கிற ஃபெராரி ரசிகர்களுக்கு ஒரு மடல்

அன்பான சிவப்புச் சட்டைக்காரர்களே,

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில், 2022 ஹங்கேரி ரேஸில் முன்னிலையில் இருந்த லெக்லேருக்கு ஃபெராரி தப்பான டயரை மாட்டிக் கவிழ்த்தது பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், உங்களிடம் பதில் தயாராக இருக்கிறது. "ரேஸ் முடிஞ்ச பிறகு எல்லாரும் அறிவாளிதான்." அதோடு விட்டாலும் பரவாயில்லை, "உண்மையான ரசிகன் கஷ்டகாலத்தில் டீமைத் திட்டமாட்டான்" என்று ஒரு கொசுறு வேறு. 2010 அபுதாபியில் ரெட்புல் டீமின் வெப்பரை மறிக்கப் போய், அப்போது ஃபெராரியில் ஓட்டிய அலோன்சோவை பெட்ரோவின் காருக்குப் பின்னால் மாட்டவைத்து, 4 புள்ளியில் உலகப் பட்டத்தைக் கோட்டைவிட்டபோது, ஃபெராரி தலைவர் ராஜினாமா செய்ய வேண்டும் என்று ஒரு இத்தாலிய மந்திரியே கிளம்பினார். சொந்த ஊரிலேயே அப்படி என்றால் நாம் நாலு வரி எழுதுவதில் என்ன குடிமுழுகிப் போகிறது?

சரி, முதல் பதிலுக்கு வருகிறேன். அன்று ஹங்கேரியின் ஹங்கரோரிங் டிராக்கில் குளிர். டயர் மூன்று வகை: சாஃப்ட் வேகமானது, ஆனால் சீக்கிரம் தேயும்; ஹார்டு மந்தமானது, ஆனால் நீண்ட தூரம் தாங்கும்; மீடியம் இரண்டுக்கும் நடுவில். ஹார்டு டயரில் தொடங்குவதாக இருந்த ரெட்புல், இது சூடேறாது என்று கடைசி நேரத்தில் புரிந்துகொண்டு, 10-வது இடத்திலிருந்து புறப்பட்ட தன் டிரைவர் வெர்ஸ்டாப்பனுக்கு சாஃப்டை மாட்டிவிட்டது. அது அவர்கள் டீமுக்குள் பேசி எடுத்த முடிவு, ஃபெராரிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆல்பைன் டீம்? அதன் டிரைவர்கள் அலோன்சோவும் ஓகோனும் ஹார்டு போட்டுக்கொண்டு தடுமாறியதையும், மெக்லாரனின் ரிக்கியார்டோ அந்த இரண்டு பேரையும் ஒரே வீச்சில் தாண்டிப் போனதையும் ஊரே டிவியில் பார்த்தது. ஃபெராரியில் முடிவெடுப்பவர்கள் உட்காரும் பிட் சுவரில் மட்டும் வேறு சேனலா ஓடிக்கொண்டிருந்தது?

31-வது சுற்றில் மெர்சிடிஸின் ரஸ்ஸலை வெளிப்பக்கமாகத் தாண்டி லெக்லேர் முதலிடத்துக்கு வந்தார். மீடியம் நன்றாக இருந்தது, அதிலேயே முடிந்தவரை நீட்டத்தான் அவரும் விரும்பினார். 38-வது சுற்றில் வெர்ஸ்டாப்பன் டயர் மாற்ற பிட்டுக்குள் போனார், அடுத்த சுற்றிலேயே இவர்கள் பதறிப்போய் லெக்லேரை உள்ளே கூப்பிட்டு ஹார்டை மாட்டி அனுப்பினார்கள். காய்ந்த டிராக்கில் இரண்டு வகை டயராவது போட்டாக வேண்டும், அவர் மீடியத்தை இரண்டு முறை போட்டாயிற்று, மிச்சம் இருந்தது ஹார்டும் சாஃப்டும்தான், 70 சுற்று ரேஸில் இன்னும் 31 சுற்று பாக்கி, அவ்வளவு தூரம் சாஃப்ட் தாங்காது. அப்படியென்றால் உள்ளே கூப்பிடாமல் இருப்பதுதானே வழி? வெர்ஸ்டாப்பன் கொஞ்ச நேரம் முன்னால் போனால் போகட்டும், மீடியத்தை இன்னும் இழுத்துவிட்டுக் கடைசியில் சாஃப்டில் துரத்தலாம். நடந்தது என்ன? வெர்ஸ்டாப்பன் லெக்லேரைத் தாண்டினார், உடனே முழு வட்டம் சுழன்று அந்த இடத்தை இழந்தார், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே காரைத் தாண்டினார். ஹார்டு மாட்டிய லெக்லேரின் கார் அந்த லட்சணத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் 54-வது சுற்றில் எப்படியும் சாஃப்டுக்குத்தானே மாறினார்கள்.

ஹார்டு முதல் பத்துப் பன்னிரண்டு சுற்று மந்தமாக இருக்கும், அப்புறம் வேகம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தோம், கார்தான் எதிர்பார்த்த வேகத்தில் இல்லை என்று ரேஸுக்குப் பிறகு ஃபெராரி டீமின் அப்போதைய தலைவர் பினோட்டோ விளக்கினார். அந்தக் கணக்கு தப்பு என்று காட்ட இரண்டு ஆல்பைன்கள் டிராக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தனவே சார்.

எல்லாவற்றுக்கும் இப்படிக் குதிக்கிறவன் இல்லை நான். அதே வருடம் சில்வர்ஸ்டோனில் ஓகோன் கார் நின்று, எல்லாரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்தபோது, இன்னொரு ஃபெராரி டிரைவரான சைன்ஸை உள்ளே கூப்பிட்டு லெக்லேரைப் பழைய ஹார்டிலேயே விட்டார்களே, அதில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு காரையும் ஒரே நேரத்தில் கூப்பிட நடுவில் இடைவெளி போதவில்லை, லெக்லேரைக் கூப்பிட்டால் மெர்சிடிஸின் ஹாமில்டன் வெளியே நின்று முன்னால் போயிருக்கலாம். நான் லெக்லேரைத்தான் கூப்பிட்டிருப்பேன், ஆனாலும் அதை முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். அதே வருட மொனாக்கோ பற்றிப் பேசவே வேண்டாம், லெக்லேரின் கார் பிட் பாதைக்குள் நுழைந்த பிறகு ரேடியோவில் "வராதே" என்று சொல்வதற்குப் பெயர் ஸ்ட்ராட்டஜியா?

எதிர்முகாம் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடம் பார்சிலோனாவிலும் பாகுவிலும் லெக்லேர் முன்னிலையில் இருந்தபோது எஞ்சின் காலை வாரியது, பால் ரிக்கார்டில் லெக்லேர் தானே சுவரில் இடித்துவிட்டு என் தப்பு என்று ஒத்துக்கொண்டார், வருடக் கடைசியில் வெர்ஸ்டாப்பனுடன் வித்தியாசம் 146 புள்ளி. அத்தனையையும் பிட் சுவரில் உட்கார்ந்திருந்த நாலு பேர் தலையில் கட்டுவது அநியாயம். 2024 மொன்சாவில் மெக்லாரன் இரண்டு தடவை பிட்டுக்குப் போக, லெக்லேரை ஒரே ஸ்டாப்பில் 38 சுற்று ஹார்டிலேயே ஓடவிட்டு ஜெயித்ததும் இதே டீம்தான். டயர் தாங்குவதைப் பார்த்தார்கள், துணிந்து விட்டார்கள். அது பலிக்காமல் போயிருந்தாலும் நான் திட்டியிருக்கமாட்டேன்.

என் கேள்வி ஒன்றுதான். ஆல்பைன்களைப் பார்த்த பிறகு அந்த 39-வது சுற்றில் நீங்கள் ஹார்டு போட்டிருப்பீர்களா? வெர்ஸ்டாப்பன் எப்படியும் ஜெயித்திருப்பார் என்று ஆரம்பிக்காதீர்கள். அன்று ஹாமில்டன், ரஸ்ஸல், சைன்ஸ், பெரெஸ் நாலு பேரும்கூட லெக்லேருக்கு முன்னால் போய்விட்டார்கள், அவர் முடித்தது ஆறாவது.