மழை வந்தால் வாயிலைத் திறவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1988 மார்ச் 12 அன்று காத்மாண்டு தசரத் விளையாட்டரங்கில் ஆலங்கட்டி மழைக்குத் தப்பி ஓடியவர்களில் 93 பேர் பூட்டிய வாயில்களில் நசுங்கி இறந்தனர். கதவு திறக்கவில்லை என்பது முன்னால் நின்றவர்களுக்குத் தெரிந்தது. பின்னாலிருந்து தள்ளியவர்களுக்குத் தெரியவில்லை. அந்தச் செய்தியைப் பின்வரிசைக்குச் சேர்ப்பதே முதல் வேலை.

புயலில் மின்சாரம் போகும். ஒலிபெருக்கிக்கு பேட்டரி இணைப்பும், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கை மெகாஃபோனும் கட்டாயம் வேண்டும். “வெளியேறுங்கள்” என்று பொதுவாகக் கூவினால் நெரிசல்தான். எந்தப் பகுதி, எந்த வாயில் என்று சொல்ல வேண்டும். ஆட்டம் முடியும்வரை வாயில்கள் பூட்டின்றி, ஆள் காவலுடன், வெளிப்புறம் திறக்கும்படி இருக்கட்டும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 நொடி என்றால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது. அப்போதே ஆட்டத்தை நிறுத்துங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள்.

இப்படிக்கு,
அரங்கப் பாதுகாப்புப் பணியாளர்கள்