எண்ணெய்க் கசிவு நின்றது: உங்கள் எல்லோருக்கும் நன்றி

அன்புள்ளவர்களுக்கு,

அப்பாவின் பழைய மோரிஸ் மைனர் கார் நேற்று இரவு முழுக்க அசையாமல் நின்றது. விடிந்ததும் அடியில் விரித்திருந்த அட்டையை இழுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு சொட்டு, சட்டைப் பொத்தான் அளவுக்கு. நான்கு வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் விரித்த அட்டையில் ஒரு தட்டு அளவுக்கு எண்ணெய் கறுப்பாகத் தேங்கியிருந்தது. உங்களுக்குத் தனித்தனியாகப் போனில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. அது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மெக்கானிக் ஐயாவுக்கு. ஐயா, உங்களிடம் நான் பேசியபோது ஏறக்குறைய முடிவே எடுத்திருந்தேன். கிளட்ச் உறைக்குக் கீழிருந்து சொட்டுகிறது, ஆகவே கிராங்க் ஷாஃப்டின் (என்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு) பின்பக்கம் போய்விட்டது, என்ஜினை இறக்கியே ஆக வேண்டும். காரைப் பார்த்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். நீங்கள் ஒரு கேள்விதான் கேட்டீர்கள்: "எங்கே சொட்டுதுன்னு சொல்றீங்க, சரி. எங்கேயிருந்து கிளம்புதுன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அடுத்த அரைமணி நேரம் நீங்கள் பொறுமையாக விளக்கியதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். இந்த 1098 சிசி என்ஜினின் பின்பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க் ஷாஃப்டிலேயே திருகுபோல ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். ஷாஃப்ட் சுழலும்போது அந்தக் காடி எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பிவிடும். வண்டி நின்ற பிறகு ஒன்றிரண்டு சொட்டு வருவது அதன் இயல்பு. அதனாலேயே எந்தக் கசிவானாலும் பழி அங்கேதான் விழுகிறது. மேலே எங்கோ கசியும் எண்ணெய், பிளாக் எனப்படும் என்ஜினின் உடல் வழியாக இறங்கி, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் அதே இடத்தில் வந்து சொட்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் நீங்கள் சொன்னதால் தப்பியது. கிளட்ச் உறையின் அடியில் எண்ணெய் வடிய ஒரு துளையும், அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பிளிட் பின்னும் (இரு கால் உள்ள கம்பி ஊசி) இருந்தன. யாரோ தவறுதலாக மாட்டிய பின் என்று நினைத்துப் பிடுங்கப் போனேன். துளை அழுக்கில் அடைத்துவிடாமல் இருக்கவே, ஆடட்டும் என்று தளர்வாக மாட்டியிருக்கிறார்கள் என்றீர்கள். அது அங்கேயே இருக்கிறது.

அடுத்து, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு. ஜாக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்கப்போன என்னைத் தடுத்து, தூக்கிய காரைத் தாங்கும் உங்கள் இரண்டு ஆக்சில் ஸ்டாண்டுகளையும் கொண்டுவந்து, நான் நுழைவதற்கு முன் காரை நீங்களே குலுக்கிப் பார்த்தீர்கள். அந்த ஒரு காரியத்துக்கே இந்த மடல் முழுவதையும் உங்களுக்கு எழுதலாம்.

என்ஜினைக் கழுவியது மகள். மூன்று மாலைகள், மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் பழைய துணியுமாக. வேலை முடிந்தபோது பிளாக்கின் பச்சை நிறம் தெரிந்தது. நான் அதைப் பார்த்தே பல வருடமாகியிருந்தது. காய்ந்த பிறகு டால்கம் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்தோம். அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப், பிளாக்கோடு சேரும் இடத்தின் முன்பாதியில் பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது. என்ஜினின் பக்கவாட்டில் காற்றும் புகையும் போய்வரும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டுக்குக் கீழே மட்டும் நனைந்திருந்தது. கசிவது சம்ப் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் மேனிஃபோல்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்கு எட்டவில்லை.

அங்கேதான் நண்பா, நீ வந்தாய். ஒளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து, என்ஜினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, புற ஊதா விளக்கைப் பிடித்தாய். மகள் சின்னக் கண்ணாடியைச் சாய்த்துக் காட்டினாள். பக்கவாட்டில் டேப்பெட்டுகளை (வால்வுகளை இயக்கும் சிறு பாகங்கள்) மூடியிருக்கும் இரண்டு தகட்டு மூடிகளில் முன்மூடியின் கீழ் விளிம்பிலிருந்து, மஞ்சளும் பச்சையுமாக ஒரு கோடு கீழே இறங்கியது. மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். என்ஜினை இறக்க வேண்டாம் என்று தெரிந்த நிமிடம் அது.

அப்புறம் வேலை. மேனிஃபோல்டின் நட்டுகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. துரு நீக்கும் எண்ணெயை இரண்டு இரவு ஊறவிட்டதால் ஒன்றுகூட உடையாமல் வந்தன. டேப்பெட் மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஒவ்வொரு மூடிக்கும் நடுவில் ஒரே ஒரு போல்ட்தான். கசிகிறது, இறுக்கு, இன்னும் கசிகிறது, இன்னும் இறுக்கு என்று யாரோ முறுக்கியதில் தகடு நடுவில் குழிந்து, விளிம்புகள் தூக்கிக்கொண்டிருந்தன. இறுக்க இறுக்கக் கசிவு கூடியிருக்கிறது. இடுக்கை அடைக்க உள்ளே வைத்திருந்த கார்க் கேஸ்கட் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. மூடியை மரக்கட்டையில் வைத்து மெல்லத் தட்டி, கண்ணாடிப் பலகைமேல் வைத்து இடைவெளி தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சமமாக்கினோம்.

கேஸ்கட் செட்டைத் தேடி அனுப்பிய தம்பிக்கும் நன்றி. இந்த ஏ-சீரிஸ் என்ஜின் 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் வந்து, மினியில் 2000ஆம் ஆண்டு வரை போய்க்கொண்டிருந்தது. அதனால் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் எந்தக் கேஸ்கட் எந்த மூடிக்கு என்று சரிபார்த்து, படத்தில் அம்புக்குறி போட்டு அனுப்பியது நீதான். கேஸ்கட்டை முதலில் மூடியில் ஒட்டி, ஓர் இரவு பாரம் வைத்துவிட்டு, பிளாக்கில் படும் பக்கத்துக்குக் கிரீஸ் மட்டும் தடவு என்றாய். அப்படியே செய்தேன். போல்ட்டின் அடியில் வாஷரும் புதிது. இறுக்கியது 2 பவுண்டு அடி முறுக்கு அளவுக்குத்தான். கை இன்னும் கொஞ்சம் திருப்பச் சொல்லும், நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடைசியில், ஐயாவுக்கே இரண்டாவது முறையாக. எல்லாவற்றையும் மாட்டப் போகும்போது, "பிரீதர் குழாயைப் பார்த்தாச்சா?" என்று நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் இரண்டே மாதத்தில் பழையபடி கசிந்திருக்கும். என்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேற, அந்த முன்மூடியோடு சேர்ந்து கீழே இறங்கும் குழாய் அது. வாயை வைத்து ஊதினேன், காற்றே போகவில்லை. உள்ளே எண்ணெய்க் கசடு கெட்டியாக அடைத்திருந்தது. பிஸ்டன்களைத் தாண்டிக் கீழே வரும் வாயு வெளியேற வழியில்லாமல், கிடைத்த இடுக்கிலெல்லாம் எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. இத்தனை வருடமும் அந்தக் குழாயைச் சுத்தம் செய்யாதது என் தவறு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி விட்டுக் குத்தி, மூன்றாவது முறை கழுவிய பிறகுதான் காற்று தாராளமாகப் போயிற்று.

அப்பா இந்தக் காரை ஓட்டிப் பதினோரு வருடமாகிறது. நேற்று மாலை அவரை முன்னிருக்கையில் உட்காரவைத்து ஒரு சுற்று போய் வந்தோம். திரும்பி வந்து இறங்கியவர், கதவைச் சாத்திவிட்டு, குனிந்து அடியில் பார்த்தார். தரை காய்ந்திருந்தது. "யாரெல்லாம் செஞ்சாங்க?" என்று கேட்டார். உங்கள் எல்லோரையும் பற்றிச் சொன்னேன்.

அண்ணா, ஆக்சில் ஸ்டாண்டுகளைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மைனரிலேயே கொண்டுவருகிறேன்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவன்