சித்தம்பூண்டிக் கல்லும் நிலா மண்ணும்

அன்புள்ள மாப்ளே பழனி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி, அதே கோபம்.

நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிக் கல்லை இஸ்ரோ வாங்கிப்போனது கட்டுக்கதை என்று சீரங்கன் அண்ணனிடம் பந்தயம் கட்டினாயாமே? பணத்தை எடுத்து வை. அந்தப் பக்கம் கிடக்கும் அனார்த்தோசைட் என்கிற வெளிர்நிறப் பாறையும் நிலாவின் மேட்டுநிலப் பாறையும் ஒரே இனம். அதனால்தான் சந்திரயான் 2-க்கு நிலாத் தரை மாதிரியே சோதனைக் களம் அமைத்தபோது சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையைச் சேலம் கிரஷர்களில் அரைத்து எடுத்துப் போனார்கள். பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கிரஷரிலேயே காலம் தள்ளுகிறவனுக்கு இது தெரியாமல் போனதில்தான் எனக்கு வருத்தம்.

அதைப் படிக்கப் போய், கிரஷர் இல்லாத நிலாவில் கல்லை யார் பொடியாக்குகிறார்கள் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வானத்திலிருந்து விழுகிற கல்தான் ஆக்குகிறது. நம் காற்றில் எரிந்துபோகிற மணலளவுத் துகள்கூட அங்கே நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் நேராகத் தரையில் அடிக்கிறது. பெரிய கல் விழுந்தால் அடிப்பாறையே பிளக்கும், சின்னது விழுந்தால் ஏற்கெனவே உடைந்தது இன்னும் நொறுங்கும். பகலில் 100 டிகிரிக்கு மேல் காய்ந்து இரவில் மைனஸ் 150-க்கும் கீழே குளிர்வதால் பாறை விரிந்து சுருங்கித் தானாகவும் விரிசல் விடும். முன்னூறு நானூறு கோடி வருடமாக இதே வேலை. நாம் கரும்புள்ளியாகப் பார்க்கிற சமவெளிகளில் 4, 5 மீட்டர் ஆழத்துக்கும், மேட்டுநிலத்தில் 10 மீட்டருக்கு மேலும் இந்தப் பொடிதான் கிடக்கிறது.

எனக்குப் பிடித்தது அடுத்த சங்கதி. அடிக்கிற வேகத்தில் சூடேறிப் பாறையில் கொஞ்சம் உருகுகிறது. அந்தக் கண்ணாடிக் குழம்பு பக்கத்துத் துகள்களைப் பிடித்துக்கொண்டு உறைகிறது, பாகில் பிடித்த பொரியுருண்டை மாதிரி. ஒருபக்கம் உடைபடுகிறது, மறுபக்கம் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் இத்தனை கோடி வருடம் அடிபட்டும் அது ஒரேயடியாக மாவாகிவிடவில்லை. இந்த ஒட்டுத்துகளை எந்த கிரஷரிலும் அரைத்து எடுக்க முடியாது.

ஆனால் அந்த மண் பொல்லாதது, மாப்ளே. ஆற்றுமணல் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. அங்கே ஆறும் இல்லை, காற்றும் இல்லை. உடைந்த முனை உடைந்தபடியே நிற்கும். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட் ஒரு புவியியலாளர். உடையில் ஒட்டி வந்த தூசு கலத்துக்குள் பறந்ததும் அவருக்கு மூக்கடைத்துக்கொண்டது.

அதைப் படித்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. இப்போது உடைத்த கல்லின் தூசும் முனை மழுங்காததுதானே? நிலாப் பாறையில் குவார்ட்ஸ் என்கிற சிலிக்காக் கனிமம் இல்லை என்றே சொல்லலாம். நீ உடைக்கிற கருங்கல்லில் அது நிறைய. அந்த சிலிக்காத் தூசு நுரையீரலில் இறங்கி வடுவாகிவிட்டால் திரும்பச் சரியாக்க மருந்தே கிடையாது. சீரங்கன் அண்ணன் வீட்டுக் காதுகுத்தில் நீ இருமினதைப் பார்த்தேன். சிரித்துச் சமாளித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூக்கில் கட்டுகிற துண்டு அந்த நுண்தூசை நிறுத்தாது. கல் கொட்டுகிற ஹாப்பரிலும் பெல்ட்டிலும் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்யச் சொன்னால் முதலாளி கரண்டு பில்லைக் காட்டுகிறாராம். நம்ம முருகேசன் லேபர் ஆபீசில் விசாரித்துவிட்டான். மனு எழுத நானே வருகிறேன். N95 முகமூடி ஒரு பெட்டி பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன், கணக்குப் பார்க்காமல் போட்டுக்கொள்.

அதற்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே. கிரஷர் வேலை என்று டாக்டரிடம் நீயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சளி என்று மாத்திரை எழுதிவிடுவார். செவ்வாய்க்கிழமை எனக்கு ஸ்கூல் லீவு. எட்டு மணிக்கெல்லாம் பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்பேன். மல்லிகாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டது. நீ கிளம்பாவிட்டால் அவள் உன்னைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

உன்,
சண்முகம்